வியன்னா அண்ணையும் ஐந்து வல்லரசுகளும்

உலகத்தில் எத்தனையோ பைத்தியங்கள் உண்டு. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் குதிரைப் பந்தயம், சிலருக்கு அடுத்தவன் வீட்டுக் கல்யாணப் பேச்சு. தீர்ந்துபோன சண்டைக்குச் சமாதானம் பேசும் பைத்தியம் பிடித்த ஒரே மனிதரை நான் ஈப்போவில்தான் பார்த்தேன். அதுவும் உள்ளூர்ச் சண்டை இல்லை ஐயா. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால், ஏழு கடலுக்கு அப்பால், ஐரோப்பாவில் தீர்ந்துபோன சண்டை.

அவரை நாங்கள் வியன்னா அண்ணை என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். சர்வே ஆபீசில் பிளான் வரைகிற வேலை. நாற்பது வயது, கல்யாணம் இல்லை, ஈப்போ வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆபீஸ் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது வழங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தபால்காரனே வியன்னா வீடு எது என்று விசாரித்துக்கொண்டுதான் வருவான்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. தாய்நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, எல்லோரும் கட்டிலையும் கடிகாரத்தையும் எடுத்தார்கள். இவர் ஐரோப்பிய சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்தார். முன்பக்கம் கால்வாசியும் பின்பக்கம் பாதியும் ஏற்கெனவே கறையான் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய நடுப்பகுதியை அவர் எத்தனை தடவை படித்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆக, ஐரோப்பாவில் ஒரு முப்பது வருஷம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்டால், அது கறையானுக்குத்தான் தெரியும் என்பார்.

அந்த முப்பது வருஷம் எனக்கும் தலைகீழ்ப் பாடம்தான். என்ன செய்ய, தினமும் சோற்றோடு பரிமாறினாரே! பிரெஞ்சுக்காரச் சக்கரவர்த்தி ஒருத்தர் ஐரோப்பாவை வருஷக்கணக்காகப் போட்டு அடித்திருக்கிறார். மற்ற ராஜாக்கள் ஒன்றுகூடி அவரைப் பிடித்துத் தீவில் போட்டார்கள். பிறகு வியன்னா நகரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா, இவர்கள் ஜெயித்த நாலு பேர். தோற்ற பிரான்சையும் கொஞ்ச நாளில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் இன்னொருத்தனை விழுங்கும் அளவுக்குப் பெருத்துவிடக் கூடாது. எவன் எல்லை தாண்டினாலும் மற்றவர்கள் ஒன்றாக நிற்க வேண்டும். சண்டை வரட்டும் என்று காத்திராமல் அடிக்கடி கூடிப் பேச வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதனால் வெகுகாலம் பெரிய யுத்தமே இல்லாமல் போயிற்று என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும்.

கலங்கிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மனுஷன் அதை ஈப்போவில் நடத்திப் பார்த்தார். எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு சீனர் கோப்பிக் கடைகள். காலைக் கோப்பி ஒன்றில், மாலைக் கோப்பி மற்றதில். ஒரு தவுக்கே, அதாவது கடை முதலாளி, மாத்திரம் கொழுத்துவிட்டால் தெருவின் சமநிலை கெட்டுவிடுமாம். இரண்டு தவுக்கேமாரும் இவரைத் துரோகி என்றே நினைத்தார்கள். தெருநாய்கள் சண்டை போட்டால் எது தோற்கிறது என்று நின்று கவனித்து, அதற்கு ரொட்டி போடுவார். அது தேறிக்கொண்டு மற்றதைக் கடித்தால், ரொட்டியும் கட்சி மாறும். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை வந்தபோது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தலையிடப் போனார். இருவரும் உடனே சமாதானமாகி, சேர்ந்து இவரை விரட்டினார்கள். மாநாடு வெற்றி என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தார்.

நாங்கள் ஐந்து பிரம்மச்சாரிக் கிளார்க்குகள் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐந்து அறை வீடு ஒன்றை எடுத்து மெஸ் நடத்தி வந்தோம். ஐந்து பேர் என்றால் அவர் சும்மா விடுவாரா? எல்லோருக்கும் நாடு பிரித்துக் கொடுத்துவிட்டார். தான் ஆஸ்திரியா. பருத்த உடம்பும் நெற்றி நிறைய விபூதியுமாக இருந்த ஒருவர் ரஷ்யா. தன் அறைக்குத் தனிப் பூட்டு, தன் கோப்பைக்குத் தனி ஆணி என்று யாரோடும் ஒட்டாமல் இருந்தவர் பிரிட்டன். இந்த மூவரும் யாழ்ப்பாணம். பாகான் டத்தோ தென்னந்தோட்டத்திலிருந்து வந்த, எந்நேரமும் ஆர்மோனியமும் கையுமாக இருந்த என் வயசுக்காரன் பிரஷ்யா. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இங்கிலீஷ் படித்து, ஈயக் கம்பெனி ஒன்றில் எழுதிக்கொண்டிருந்த நான்தான் பிரான்ஸ். சமையல்காரர் மாணிக்கம் அண்ணனுக்கு மட்டும் நாடு இல்லை. இருந்தவை ஐந்துதான், தீர்ந்துவிட்டன.

பிரான்ஸ் என்று அவர் என்ன வேளையில் பெயர் வைத்தாரோ, நான் அதற்கேற்ப ஆடிவிட்டேன். மெஸ்ஸுக்கு மாதம் ஒருவர் தலைவர் என்பது வழக்கம். என் முறை வந்தது. மாதம் முடிந்தது. நான் இறங்கவில்லை. முதலில் வெளித் தாழ்வாரத்துச் சாய்வு நாற்காலியைப் பிடித்தேன். பிறகு வீட்டிலிருந்த ஒரே நிலைக்கண்ணாடியை என் அறைக்குள் கொண்டுபோனேன். காலையில் முதல் குளியல் எனக்கு என்று சட்டம் போட்டேன். தெரு பார்த்த ஜன்னல் வேண்டுமென்று பிரஷ்யாவின் அறையையும் பிடித்துக்கொண்டு, அவனை ஆர்மோனியத்தோடு பின்பக்கத்து இருட்டு மூலைக்குத் தள்ளினேன். இருபத்துமூன்று வயசுத் திமிர், வேறென்ன சொல்ல? கடைசியில் வீட்டுக்குள் தேங்காய் வரக் கூடாது என்றேன். தேங்காய்ப்பால் விட்டுச் செய்கிற சொதி இல்லாமல் யாழ்ப்பாணத்தாருக்குச் சோறு இறங்காது. தினமும் அதைத் தின்று எனக்கு அலுத்துவிட்டது. கருவாட்டுக் குழம்புதான் இனி என்று அறிவித்தேன். வியன்னா அண்ணை மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிரெஞ்சுக்காரரும் இப்படித்தான் பிரிட்டன் சரக்கு கரையேறக் கூடாது என்று தடை போட்டுக் கெட்டாராம். மிஞ்சிய பக்கம் ஒன்றில் அது இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரஷ்யாவின் அப்பா பாகான் டத்தோவிலிருந்து ஒரு மூட்டை தேங்காய் அனுப்பியிருந்தார். நான் வாசலில் நின்று மறித்தேன். அவன் ஒரு பக்கம் இழுத்தான், நான் ஒரு பக்கம் இழுத்தேன், சாக்கு கிழிந்தது. தேங்காய்கள் ஹாலெல்லாம் உருண்டன. பூஜை முடித்து வந்த ரஷ்யா ஒன்றின் மேல் காலை வைத்து, விழுந்த வேகத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு விழுந்தார். அத்தனை நாள் யார் சண்டையிலும் கலக்காத பிரிட்டன் அறைக்கதவைத் திறந்து, நிதானமாக வந்து, என் இரண்டு காலையும் பிடித்தார். வியன்னா அண்ணையும் சேர்ந்து நாலு பேருமாக என்னைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் உள்ளே கிடந்தேன். மாணிக்கம் அண்ணன்தான் சுவருக்கு மேலே கையை நீட்டி ஒரு குவளை கோப்பி கொடுத்தார்.

வெளியே வந்து பார்த்தால் என் தகரப் பெட்டியும் பாயும் வாசல் சாக்கடைப் பாலத்தின் மேல் இருந்தன. மெஸ்ஸை விட்டுப் போய்விட வேண்டும் என்று ரஷ்யா, பிரிட்டன், பிரஷ்யா மூவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மெஸ் போனால் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெலுக் அன்சனிலிருந்து, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்! தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர். மாப்பிள்ளை குடியிருக்கிற இடத்தை நேரில் பார்க்காமல் பேச்சில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். அந்தப் பெண் பார்வதியை நான் கல்லுமலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் காலை மிதித்தாள். மிதித்துவிட்டு, நான்தான் காலைக் கொண்டுபோய் அவளுக்குக் கீழே வைத்த மாதிரி என்னை முறைத்தாள். அன்றைக்கு விழுந்தவன்தான் நான். மாமன் வந்து பார்க்கும்போது மாப்பிள்ளை சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்திருந்தால் பெண்ணை யார் கொடுப்பார்கள்?

விஷயத்தை வியன்னா அண்ணையிடம் சொல்லி அழாத குறையாக நின்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பதினைந்து வருஷமாக அவர் காத்திருந்த யுத்தம் கடைசியில் முடிந்திருந்தது. என் பெட்டியைத் தானே தூக்கி ஹாலில் வைத்தார். தீர்ப்பு வரும்வரை அங்கே படுக்கலாம் என்றார். உள்ளே போய் முகம் மழித்து, இஸ்திரி போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, புதன்கிழமை மாலை மாநாடு என்று அறிவித்தார்.

அடுத்த தெருவில் மூடிப்போன கோப்பிக் கடை ஒன்றிலிருந்து சலவைக்கல் வட்ட மேசை ஒன்று வந்தது. வட்டத்துக்குத் தலைமாடு இல்லை, ஆகவே யாரும் பெரியவர் இல்லை. எனக்கு யாரோ முக்காலி போட்டிருந்தார்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆபீஸ் அளவுகோலால் எல்லா நாற்காலியையும் அளந்து, குட்டையானவற்றுக்கு ஓடு வைத்து உயர்த்தினார். அடுத்து வந்ததுதான் ஆபத்து. வியன்னாவில் யார் முதலில் உள்ளே நுழைவது என்ற தகராறு வராமலிருக்க ஐந்து வாசல் வைத்தார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். எங்கள் ஹாலுக்கு வாசல் இரண்டு, ஜன்னல் மூன்று. சீட்டுக் குலுக்கினார். பிரிட்டனுக்கு முன்வாசல் விழுந்தது, எனக்குப் பின்வாசல். ரஷ்யாவுக்கு ஜன்னல்.

மணி அடித்ததும் நாங்கள் உள்ளே வந்துவிட்டோம். வியன்னா அண்ணையும் பிரஷ்யாவும் குதித்துவிட்டார்கள். ரஷ்யா பாதியில் நின்றார். முன்பாதி ஹாலில், பின்பாதி தெருவில். எதிர்க் கடைத் தவுக்கே வெளியிலிருந்து தள்ள, நாங்கள் உள்ளிருந்து இழுக்க, பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து விழுந்தார். வேட்டி ஜன்னல் கொக்கியோடு நின்றுவிட்டது. ரஷ்யா வந்துசேரச் சற்றுத் தாமதம் என்று வியன்னா அண்ணை குறிப்பு எழுதிக்கொண்டார்.

பேச்சு தொடங்கியதும் மூவரும் ஒரே குரலில் என்னை வெளியேற்ற வேண்டும் என்றார்கள். தோற்றவனுக்கு மேசையில் என்ன வேலை என்று பிரிட்டன் கேட்டார். வியன்னா அண்ணை எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் பேசியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"தோத்தவனை வெளியாலை விட்டால் வாசலிலை நிண்டு கல்லெறிவான். உள்ளுக்கை இருத்தினால் சோறு தின்பான். அண்டைக்கு அவையள் பிரான்சைக் கூப்பிட்டு இருத்தினவை. இப்ப முடிஞ்ச பெரிய உலகச் சண்டையிலை தோத்தவனை மேசைக்குக் கூப்பிடேல்லை, கையெழுத்து மட்டும் கேட்டவை. எனக்கு அது நல்லாப் படேல்லை, பாருங்கோ."

பிரிட்டன் கோப்பியை ஆற்றிக்கொண்டே, சரி, இருக்கட்டும் என்றார்.

நாலு மாலை பேசி ஒப்பந்தம் உருவாயிற்று. எல்லோரும் சண்டைக்கு முந்தைய எல்லைக்குத் திரும்ப வேண்டும். எனக்கு என் அறை உண்டு, அதற்கு மேல் ஓர் அடி கிடையாது. கண்ணாடியும் நாற்காலியும் பொது. எவன் எல்லை தாண்டினாலும் மற்ற நாலு பேரும் ஒன்றாக எதிர்க்க வேண்டும். எங்களில் ஒருவனுக்கு வெளியிலிருந்து ஆபத்து வந்தாலும் நாலு பேரும் அவன் பக்கம் நிற்க வேண்டும். சண்டை இருக்கிறதோ இல்லையோ, மாதத்தின் முதல் ஞாயிறு வட்ட மேசை கூடும். ரஷ்யா முருகன் பேரால் கையெழுத்துப் போட வேண்டுமென்று ஒப்பந்தத்துக்குக் கற்பூரம் காட்டினார். காகித மூலை பற்றிக்கொண்டது. வியன்னா அண்ணை முழுவதையும் திரும்ப எழுதினார். பிரிட்டன், தான் கதவைப் பூட்டிய பிறகு எந்த யுத்தத்துக்கும் யாரும் தட்டக் கூடாது என்று தனி விதி எழுதி வாங்கிக்கொண்டார்.

முரண்டு பிடித்தவன் பிரஷ்யாதான். மூன்று மாதம் இருட்டில் கிடந்ததற்கு ஆர்மோனியம் வைக்கத் தனியாக ஓர் அறை வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்றான். ஞாயிறன்று மாமன் வரும்போது நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன் என்று வேறு மிரட்டினான். அவன் கண் என் அறை மேல். வியன்னா அண்ணை வீட்டின் பிளானை மேசையில் விரித்தார். அவரே வரைந்தது, அங்குலம் பிசகாது. சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை. பிளானில் அது காலி. அதில் பிரஷ்யாவின் பேரை எழுதி, கட்டைவிரலால் மையை ஒற்றினார். சனிக்கிழமை மாலை ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிரஷ்யா ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு தன் புது ராஜ்யத்துக்குப் போனான். அங்கே ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு முருகன் படம். மாணிக்கம் அண்ணன் ஆறு வருஷமாக அந்த அறையில்தான் இருந்தார். ஐந்து வல்லரசில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்குமா தோன்றவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சர்வே ஆபீஸ் பிளானில் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வருவார், குடிசை போட்டவர் வரமாட்டார். வியன்னா அண்ணை அந்தக் கை பழக்கத்திலேயே வீட்டையும் வரைந்துவிட்டார்.

மாணிக்கம் அண்ணன் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்ச் சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்தார். மாமன் வருகிற ரயில் பதினொன்றரைக்கு.

நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியன்னா அண்ணை வந்து, கோட்டோடு அந்தப் பாலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாணிக்கம் அண்ணன்தான் முதலில் பேசினார்.

"நாலு நாளா மேசையில உக்காந்து பேசினீங்க. கோப்பி போட்டுக் குடுத்தது நான்தான். ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

"இல்லை," என்றார் வியன்னா அண்ணை. "புத்தகத்திலையும் இப்பிடித்தான். போலந்து எண்டு ஒரு நாடு. அதைத் துண்டு துண்டாய்ப் பிரிச்சவை, அதின்ரை சனத்தைக் கேக்கேல்லை. நான் அந்தப் பக்கத்தை ஓடி ஓடி வாசிச்சிட்டன். பிழை என்ரை."

அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சாமான் அறை மாணிக்கம் அண்ணனுடையது என்று ஹாலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஆறாவது நாற்காலி ஒன்றையும் மேசைக்கு இழுத்துப் போட்டார். மாணிக்கம் அண்ணன் அடுப்பை மறுபடி மூட்டினார். நேரம் இல்லாததால் தேங்காயை நாங்கள் ஆளுக்கொன்றாகத் துருவினோம். சட்டம் போட்டுத் தடுத்தவன் நான், அதிகம் துருவியதும் நான்தான். பிரஷ்யா மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஹாலில் நின்றான். வியன்னா அண்ணை அவனை ஒரு பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. அப்போதே வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றுவிட்டதால், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

டிரஸ்ஸர் மாமா ஒல்லி, வெள்ளைத் தொப்பி, கையில் குடை. உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அது சரி. அடுத்தது அடிவயிற்றில் விழுந்த குத்து.

"டேசன்ல ஒரு ஆளு சொன்னாருலா. போன வாரம் இந்த வீட்ல பெரிய சண்டையாம். ஒரு கிளார்க்க பெட்டியோட வெளிய தள்ளிட்டாங்களாம். அது யாரு?"

வெளியாபத்து வந்தால் ஒன்றாக நிற்க வேண்டும் என்று எழுதிய மை இன்னும் காயவில்லை. வியன்னா அண்ணை தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான். ரஷ்யா எழுந்து, மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, தான் தேங்காயில் வழுக்கி விழுந்தபோது கூடவே விழுந்து தாங்கியவர் என்றார். தப்பு சொல்ல முடியாது, உண்மைதான். பிரிட்டன், ஆறு மாதமாக அவதானித்ததில் பெரிய குறை ஒன்றும் இல்லை என்றார். அவர் வாயிலிருந்து அது புகழ் மாலை. பிரஷ்யா என்னைப் பார்த்தான். காற்றோட்டமான அறைகளில் இவனுக்கு நல்ல ரசனை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மாமா தலையை ஆட்டினார். கிளார்க்குமார் பேச்சு இருக்கட்டும், ஒருத்தர் சோறு தின்கிற லட்சணத்தை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும், சமைக்கிறவரைக் கூப்பிடுங்கள் என்றார். மாணிக்கம் அண்ணன் வந்து, அந்த ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆசை அவர் வாயில் இருந்தது.

"இவருதான் அந்த ஆளு," என்றார். "கோவக்காரரு. திமிரு உண்டு. போன வாரம் இவங்க எல்லாரும் சேந்து இவர அடச்சு வச்சாங்க. இன்னைக்கு அவங்களுக்காக இவருதான் தேங்கா துருவினாரு. நான் வேற என்ன சொல்ல? பொண்ணக் குடுக்கலாம்."

மாமா, சண்டை போட்டவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, சொதியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று ரிக்‌ஷாவில் ஏறும்போதுதான் சொன்னார்.

மறுநாள் காலை ஆர்மோனியச் சத்தம் கேட்டு எழுந்தேன். சத்தம் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் பிரஷ்யா வியன்னா அண்ணையின் அறையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். வியன்னா அண்ணை ஹாலில், ஜன்னல் கொக்கியில் கைக்கண்ணாடி ஒன்றை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாய் சுருட்டிக் கிடந்தது. பிளான் வரைகிற பெரிய பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் வடக்கு வெளிச்சம் விழுகிற ஒரே அறை அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து அவர் கோடு போடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கோடு போடுகிறவனுக்கு வெளிச்சம் போனால் கண் போன மாதிரி.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, நான் தை மாதம் போய்விடுகிறவன்தானே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஒப்பந்தத்தில் போட்ட எல்லையை அசைக்கக் கூடாது என்றார். ஆஸ்திரியாவும் அன்றைக்குத் தூரத்தில் இருந்த நிலத்தை விட்டுக்கொடுத்ததாம். அது வேறு, இது வேறு என்று நான் கத்தினேன். கத்தியை நீரில் அலசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு அறை குறைஞ்சால் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம், தம்பி. உமக்குக் குறைஞ்சிருந்தால் நீர் வந்திருப்பீர்."

நான் பின்வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நானும் பார்வதியும் ஈப்போவில் வீடு தேடி அலைந்தோம். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கடைசியில் சிரிக்கவில்லை. நாலாவதாகப் பார்த்த வீட்டில் அவள் அடுப்படியைப் பார்க்கவில்லை, தண்ணீர்க் குழாயைப் பார்க்கவில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். நேராக அந்தப் பக்கத்து அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று நின்று பார்த்தாள்.

"வியன்னா அண்ணனோட பலகைய இங்க போட்டுக்கலாம்," என்றாள். "நாம எந்த அறையில வேணா இருந்துக்கலாம்லா."

நான் மாநாடு கூட்டவில்லை, யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அன்றைக்கே போய் அவர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.